பார்னி கீயோவின் முழங்கால்

ஹாரோவில் ஆட்டக்காரன் ஒருவன் வலியை வெளியே காட்டினால் அதோடு அவன் பெயர் கெட்டது. மூக்கு உடைந்தால் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். விரல் பிசகினால் தானே இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும். நொண்டக் கூடவே கூடாது. மெல்போர்னில், யாரா நதிக்கரையில், தோல் பதனிடும் டேனரிகளுக்கும் கம்பளி கழுவும் துறைகளுக்கும் நடுவே கிடந்த அந்தப் பேட்டையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நொண்டியவனுக்கு மறுநாள் கசாப்புக் கடையில் கிடைக்கிற வரவேற்பைப் பார்த்தே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

பார்னி கீயோ, பந்தைக் கையாலும் பிடிக்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பதினொரு சீசன் ஹாரோ அணிக்காக ஆடியவன். பகலில் டேனரியில் தோலைச் சட்டத்தில் போட்டு மயிர் வழிப்பான். சனிக்கிழமை மதியம் கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பான். அவனைத் தாண்டினால் நான்கு கம்பங்களும், வெள்ளைக் கோட்டு போட்ட கோல் நடுவரும்தான். எதிரணி உயர அடிக்கும் பந்தைத் தாவி நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பான். இறங்கிய வேகத்திலேயே மைதானத்தின் மறுபாதிக்கு உதைத்துவிடுவான். பத்திரிகைக்காரர்கள் அவனைப் பூட்டிய கதவு என்று எழுதினார்கள். அதை வெட்டி எடுத்து அவன் மனைவி ஃப்ளோரி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். பதினொரு சீசனில் மூக்கு மூன்று முறை, விலா இரண்டு முறை, இடது கையில் இரண்டு விரல். கோப்பை மட்டும் ஒரு முறைகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம் ஹாரோ இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே மேட்டுத்தெரு வக்கீல்களும் டாக்டர்களும் கொண்டாடும் எர்ஸ்கின் அணி. இறுதி ஆட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், ஒரு சாதாரண ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில், பார்னியின் வலது முழங்கால் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அவன் எழுந்து, நேராக நடந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்தான். அதைப் பார்த்தது ஜெம் பாஸ்க் ஒருவன் மட்டும். ஜெம் அணியின் உதவியாள். ஆட்டக்காரர்களுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக் கட்டுப் போட்டுவிடுகிறவன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்த நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். கிளப் தலைவர் லோரிமர், செயலாளர் டிபட், பின்னால் ஜெம். லோரிமர் நிலம் வாங்கி விற்கிறவர், நகரசபை உறுப்பினரும்கூட. தொப்பியைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தார்.

"காட்டு பாக்கலாம்," என்றார்.

பார்னி கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இன்னும் இல்ல சார். நாளைக்கு..."

"போகாத. அங்க இருக்கற டாக்டருங்க பாதிப் பேரு எர்ஸ்கின்காரனுங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சுரும்."

"பிஞ்சு கெடக்கு சார்," என்றான் ஜெம் மெதுவாக. "தொட்டாலே ஆடுது."

"உன்னக் கேட்டனா?" லோரிமர் திரும்பாமலே சொன்னார். "கீயோ, அவனுங்க ஃபார்லி இருக்கானே, எட்டு வருஷமா உன் முன்னாடி அவன் ஒழுங்கா கோல் போட்டதே இல்ல. உன்னப் பாத்தா அவனுக்கு நடுக்கம். நீ ஓட வேணாம். அங்க நின்னாப் போதும். ஆனா உனக்குக் கால் போச்சுன்னு தெரிஞ்சா அத்தனை பந்தையும் உன் தலைக்கு மேலதான் அடிப்பானுங்க."

"நடுவுல விழுந்துட்டேன்னா? பதிலுக்கு ஆள் எறக்க முடியாதே. பதினெட்டுப் பேரு பதினேழாயிடும்."

"விழ மாட்ட. நீ பார்னி கீயோ."

அடுப்படியில் நின்ற ஃப்ளோரி கரண்டியை வைத்தாள். "இவரு காலு போனா நீங்க வந்து தோல் வழிப்பீங்களா, மிஸ்டர் லோரிமர்?"

"மிசஸ் கீயோ, இது கிளப் விஷயம்."

"காலு என் வீட்டு விஷயம்."

"ஃப்ளோரி, சும்மா இரு," என்றான் பார்னி. அப்படிச் சொன்னதை நினைத்துப் பிற்பாடு பல நாள் தன் மேலேயே எரிந்து விழுந்திருக்கிறான். ஆனால் அந்த நிமிஷம் அவன் கண்ணில் கோப்பைதான் இருந்தது. முப்பத்தொரு வயது. இன்னொரு இறுதி ஆட்டம் வராது.

டிபட் திட்டத்தைச் சொன்னான். கேப்டனுக்குக்கூடத் தெரிய வேண்டாம். ஒரு வாரம் பார்னிக்குச் சளிக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வந்து எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு சுற்று ஓடினால் போதும். எர்ஸ்கின் வேவுக்காரர்கள் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லட்டும்.

அந்த வியாழக்கிழமை வேலிக்குப் பின்னால் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். டேனரி விட்டதும் நேராக வந்தவர்கள், கையில் குழந்தையோடு வந்த பெண்கள், பென்சிலை நக்கிக்கொண்டு நின்ற பத்திரிகைக்காரர்கள். அறைக்குள் ஜெம் முழங்காலுக்கு ஃபிளானல் துணி சுற்றி, அதன் மேல் மெல்லிய தோல் பட்டையை இழுத்துச் சுற்றி ஊசி நூலால் தைத்தான். அதை மறைத்துக் காலுறையை இழுத்துவிட்டான். பார்னி பல்லுக்கு நடுவே ஒரு தோல் துண்டைக் கடித்துக்கொண்டான். வெளியே போகும்போது துப்பிவிட்டான்.

முழுச் சுற்று ஓடினான். மெதுவாகக்கூட இல்லை. பெவிலியன் பக்கம் வரும்போது வேகத்தைக் கூட்டினான். "அதோ போறாண்டா நம்ம கதவு!" என்று கூட்டம் கத்தியது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஒரு பத்திரிகை, கீயோ இரண்டு வயதுக் குதிரைக்குட்டி போல ஓடினார் என்று எழுதியது. ஃப்ளோரி அதை வெட்டி எடுக்கவில்லை.

சனிக்கிழமை முதல் கால் பகுதி நன்றாகவே போனது. ஃபார்லி தள்ளியே நின்றான். லோரிமர் கணக்குச் சரிதான் போல இருந்தது. இரண்டாம் கால் பகுதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. அதை விட்டுவிடலாம் என்று மூளை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பழகிய உடம்பு தாவிவிட்டது. பிடித்தான். இறங்கும்போது வலது கால் அவனுடையதாக இல்லை.

ஜெம் வாளியும் ஸ்பாஞ்சுமாக ஓடி வந்தான்.

"போச்சு ஜெம்," என்றான் பார்னி உதடு அசையாமல். "கேப்டன்கிட்டச் சொல்லிடு. என்னை முன்னாடி எங்கயாவது மூலையில நிக்க வெச்சுட்டு வேற ஆளப் பின்னால போடச் சொல்லு."

ஜெம் பெவிலியனில் இருந்த லோரிமரிடம் ஓடினான், திரும்பி வந்தான். "வேணாங்கறாரு. நீ எடம் மாறினா அவனுங்களுக்குப் புரிஞ்சுருமாம். நிக்கச் சொல்றாரு."

"அவரை வந்து நிக்கச் சொல்லு!"

"மெதுவாப் பேசுடா, பாக்கறானுங்க."

பார்னி நின்றான். ஃபார்லிக்கு அரை மணி நேரம் பிடித்தது புரிந்துகொள்ள. அதற்குப் பிறகு அவன் ஐந்து கோல் போட்டான். கடைசி கோலின்போது பார்னிக்கும் அவனுக்கும் நடுவே பத்து கஜம் இருந்தது. பார்னி ஓடவில்லை, நடந்தான். நிமிர்ந்து, நேராக, ஏதோ வேடிக்கை பார்க்கப் போகிறவன் மாதிரி. கோலுக்கு ஆறு புள்ளி என்ற அந்த ஆட்டத்தில், மணி அடித்தபோது ஹாரோ வெறும் நான்கு புள்ளியில் தோற்றிருந்தது.

முதலில் ஒரு குரல் கேட்டது. "எவ்வளவு வாங்கின, கீயோ?"

அப்புறம் வேலி முழுக்க அதே குரல். "வித்துட்டான்! வித்துட்டான்!"

மைதானத்திலிருந்து அறைக்குப் போகும் வழி, இரண்டு பக்கமும் மரக்கட்டை வேலி போட்ட ஒரு சந்து. அதன் ஓரத்தில் பெண்கள் நிற்பார்கள். தொப்பியில் செருகும் நீள ஊசியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நடுவரும் எதிரணி ஆட்டக்காரர்களும் போகும்போது வேலி இடுக்கு வழியாகக் குத்துவது ஹாரோவில் பழைய வழக்கம். ஃப்ளோரியே குத்தியிருக்கிறாள். பதினொரு சீசனாகப் பார்னி அந்தச் சந்தில் சிரித்துக்கொண்டே போயிருக்கிறான். அந்த ஊசிகள் அவனுக்கானவை இல்லை. அன்றைக்கு முதல் ஊசி அவன் தோளில் இறங்கியது. குத்தியவள் மிசஸ் டன்ஃபி, மூன்றாம் வீட்டுக்காரி. அவள் மகன் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் பார்னி.

"என் கண்ணப் பாத்து நட பாக்கலாம், பணத்துக்குப் போனவனே!" என்றாள்.

அவன் அவள் கண்ணைப் பார்த்துத்தான் நடந்தான். அந்தச் சந்தில் ஒரே ஒரு அடி நொண்டியிருந்தால்கூடப் போதும்; ஊர் யோசித்திருக்கும். எர்ஸ்கின் ஆட்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நொண்டுவதா? நேராக நடந்து போனான். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவன் வாழ்க்கையில் செய்ததில்லை.

மூன்று வாரம் கழித்துக் கமிட்டி விசாரணைக்குக் கூப்பிட்டது. அந்த மூன்று வாரமும் டேனரியில் தினமும் காலையில் அவன் வேலை செய்யும் சட்டத்தின் மேல் யாரோ ஒரு மூன்று பென்னிக் காசை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் நாள் அதைப் பார்த்து அவன் கத்தினான். இரண்டாம் நாள் ஒருவனைப் பிடித்துச் சுண்ணாம்புத் தொட்டி வரைக்கும் இழுத்துப் போனான். அவனில்லை என்று தெரிந்தது. அப்புறம் காசை எடுத்து ஆற்றில் வீசிவிட்டு வேலையைப் பார்த்தான். கசாப்புக் கடையில் ஃப்ளோரியிடம் ஒருத்தி, "இனிமே நல்ல எடமாக் கறி வாங்கலாமே," என்று சொல்லப்போய், இரண்டு பவுண்டு குடலை முகத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விசாரணைக்குப் போகும்போது பார்னி கோபமாக இல்லை. கமிட்டிக்கு உண்மை தெரியும். ஊர் வாயை அடைக்கத்தான் இந்தச் சடங்கு என்று நினைத்திருந்தான். அறையில் நீள மேஜைக்குப் பின்னால் ஒன்பது பேர். நடுவில் லோரிமர். எழுதிக்கொள்ள டிபட். சுவரோரம், கையில் தொப்பியைக் கசக்கியபடி ஜெம்.

"கீயோ, ரெண்டாம் பாதியில நீ ஓடவே இல்ல. காரணம் சொல்லு," என்றார் லோரிமர்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டதுக்குப் பதில்."

"முழங்கால் சார். நீங்க பாத்த அதே முழங்கால்."

"நான் எப்பப் பாத்தேன்?"

பார்னிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. விளையாட்டாகக் கேட்கிறார் என்று சிரிக்கக்கூடப் பார்த்தான். அந்த மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. டிபட் பேனாவை மையில் தோய்த்தான், தலை நிமிரவில்லை.

"என் வீட்டு சமையல்கட்டுல. ஞாயித்துக்கெழம. நீங்க, டிபட், ஜெம். ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு சொன்னீங்க."

"உன்னைப் பாக்க வந்தோம், உண்மை. சளிக் காய்ச்சல்னு சொன்ன. பாஸ்க், அன்னிக்கு இவன் காலப் பத்தி ஏதாவது பேச்சு வந்துச்சா?"

ஜெம் தரையைப் பார்த்தான். மைதானத்து மூலையில் நகரசபை கட்டிய வீட்டில் அவனும் மனைவியும் ஐந்து குழந்தைகளும் இருந்தார்கள். அந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்கிறவர் லோரிமர். இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றான்.

"ஜெம்!" பார்னி மேஜையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். இரண்டு பேர் எழுந்து மறித்தார்கள். "ஊசி நூல் வெச்சுத் தெச்சியேடா! உன் கையால தெச்சியேடா!"

"உக்காரு கீயோ. வியாழக்கிழமை நீ குதிரைக்குட்டி மாதிரி ஓடினதா பேப்பர்ல இருக்கு. ரெண்டாயிரம் பேரு பாத்திருக்கான். பிஞ்ச காலோட யாராவது அப்படி ஓடுவானா?"

"நீங்கதானே ஓடச் சொன்னீங்க!"

லோரிமர் ஒரு காகிதத்தைத் தள்ளினார். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "பாரு, உன்னைத் திருடன்னு சொல்ல யாருக்கும் ஆசை இல்ல. முழங்கால் அடிபட்டிருந்துச்சு, ஆடணும்ங்கற ஆசையில கமிட்டிகிட்ட மறைச்சுட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு. பணம் வாங்கினான்கற பேச்சு இன்னையோட முடிஞ்சுரும். ஒரு பிரிவு உபசாரம் வெப்போம். கடிகாரம் ஒண்ணு குடுப்போம்."

"அப்ப என்கூட ஆடின பதினேழு பேருக்கும் நான் துரோகின்னு ஆகும்."

"ஏதாவது ஒண்ணு ஆகத்தான் வேணும்."

"ரெண்டுல எதையும் நான் செய்யல. செஞ்சது நீங்க. உங்க பேரை எழுதுங்க, போடறேன் கையெழுத்து."

"சரி. அடிபட்ட காலுன்னு சொல்றியே, அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டு. கமிட்டி பாக்கட்டும்."

மேஜைக்குப் பின்னால் ஒன்பது முகம். பார்னி எழுந்தான். முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. காலையில் பூட்ஸ் மாட்டவே ஃப்ளோரி கை கொடுத்தாள். நொண்டு, நொண்டித் தொலை என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. இவர்கள் முன்னாலா? இந்த ஆளிடம் போய்ப் பரிதாபம் வாங்குவதா? முதுகை நிமிர்த்திக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். ஒரு அடி பிசகவில்லை.

"எழுதிக்கோங்க டிபட்," என்றார் லோரிமர். "நல்லாவே நடக்கறான்."

முயற்சி செய்யாமல் ஆடிய குற்றத்துக்காக இரண்டு சீசன் தடை. முப்பத்தொரு வயதுக்காரனுக்கு இரண்டு சீசனும் ஒன்றுதான், ஆயுளும் ஒன்றுதான். வெளியே சாலையில் காத்துக்கொண்டிருந்த ஃப்ளோரியிடம் நடந்ததை வார்த்தை மாறாமல் சொன்னான்.

அவள் கேட்டுக்கொண்டே கூட நடந்தாள். கதவு வரைக்கும் நடந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"நேரா நடந்தியா?"

"ம்."

"எருமை மாடே," என்றாள். "காலு உடைஞ்சு கெடக்கு, அதை ஒடைச்சவன் கேக்கறான், நீ அவனுக்கு அணிவகுப்பு நடந்து காட்டிட்டு வந்திருக்க. யாருக்கு மறைக்கறடா இன்னும்? எர்ஸ்கின்காரன் கோப்பையத் தூக்கிட்டுப் போயாச்சு. இங்க யாரு மிச்சம்?"

"விடு ஃப்ளோரி."

"விட மாட்டேன். அவனுங்க பொய் சொன்னானுங்க, சரி. உன் காலும் சேர்ந்துல்ல பொய் சொல்லுது! உன் காலு பொய் சொல்ற வரைக்கும் நீ வாயால என்ன சொன்னா எவன் நம்புவான்?"

டிசம்பரில் தொடங்கிய அந்தக் கோடை முழுக்க அந்த வார்த்தை அவனை அரித்தது. டேனரியில் அவனை ஓடியாடும் வேலையிலிருந்து எடுத்து உட்கார்ந்து செய்யும் வேலையில் போட்டார்கள். வீட்டுச் சுவரில் யாரோ கரித்துண்டால் எழுதியதை இரண்டு முறை கழுவினான். அவனுடைய கோபத்துக்கு ஆரம்பத்தில் ஒரு முகம் இருந்தது, லோரிமரின் முகம். போகப்போக ஜெம்மின் குனிந்த தலை, மிசஸ் டன்ஃபியின் ஊசி, காசு வைத்த முகம் தெரியாத கை என்று ஊரே அதில் சேர்ந்துகொண்டது. கடைசியில் அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை, புது சீசனின் முதல் ஆட்டம். பார்னி முகம் வழித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஃப்ளோரியோடு போனான். வாசலில் எல்லோரையும் போல டிக்கெட் வாங்கினான். தடை ஆடுவதற்குத்தான், வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை. இரண்டரை மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. இன்னும் ஆட்டக்காரர்கள் வெளியே வரவில்லை. பார்னி வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினான். இறங்கியபோது முழங்கால் மடங்கியது. அதை அப்படியே மடங்க விட்டான்.

எல்லைக் கோட்டை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். நொண்டினான். வலது காலை இழுத்து, இடுப்பை வளைத்து, ஒவ்வொரு அடிக்கும் தோள் ஒரு பக்கம் சாய. மறைத்து மறைத்து இறுகிப்போயிருந்த உடம்பு, விட்டவுடன் இப்படிக் கோணும் என்று அவனுக்கே தெரியாது. முகம் கொதித்தது. மூக்கு உடைந்தபோதெல்லாம் வராத கண்ணீர் வந்தது. அதையும் துடைக்கவில்லை.

"ஏய், அது கீயோடா!"

"நடிக்க வந்துட்டான்டா! காசு தீந்துபோச்சு போல!"

"நல்ல காலு எதுன்னு மறந்துராத பார்னி! நாளைக்கு மாத்தி நொண்டிருவ!"

சிரிப்பு வேலி நெடுக ஓடியது. ஆரஞ்சுத் தோல் ஒன்று முதுகில் விழுந்தது. அவன் நிற்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வேலியைத் தாண்டி இறங்கப் பார்த்தான்.

"கான்ஸ்டபிள்," என்றாள் ஃப்ளோரி அவன் பின்னாலிருந்து, தொப்பியிலிருந்து ஊசியை உருவியபடி. "அவரு சும்மா நடக்கறாரு. ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கு. நீங்க இப்பக் குனிஞ்சு தாண்டுனீங்கன்னா உங்க பின்பக்கம் எனக்கு ரொம்ப வசதியா இருக்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் யோசித்துவிட்டு, "ஒரு சுத்துதான்," என்றான்.

கால் சுற்று முடிந்தபோது கேலி குறைந்திருந்தது. நடிக்கிற நொண்டலுக்கும் நிஜ நொண்டலுக்கும் வித்தியாசம், டேனரிகளில் கை கால் போனவர்களைத் தினம் பார்க்கிற ஊருக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் கிழவன் ஒருவன் சொன்னான்: "காலு போனது நெசந்தான். எப்பப் போச்சுங்கறதுதானே கேள்வி."

அறை வாசலில் ஜெம் நின்றிருந்தான். பையும் தைல பாட்டிலும் கையில். பார்னி வருவதைப் பார்த்து உள்ளே போகப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, எல்லைக் கோட்டுக்கு ஓடி வந்தான்.

"பார்னி, நில்லுடா. எலும்போட எலும்பு உரசுதுடா, எனக்கு இங்கயே கேக்குது. இப்படி நடந்தா காலையே எடுக்க வேண்டி வரும். உக்காரு. கட்டு ஒண்ணு போட்டு விடறேன்."

பார்னி நின்றான். அவர்களுக்குப் பின்னால் வேலியில் நானூறு ஐநூறு பேர் இருந்தார்கள்.

"கட்டு போடறியா? போன தடவ என்னிக்குப் போட்ட?"

ஜெம் பைக்குள் கையை விட்டுக் கட்டுத் துணியைத் தேடினான்.

"சொல்லுடா. என்னிக்குப் போட்ட?"

"பார்னி, அஞ்சு புள்ளைங்கடா எனக்கு."

"தெரியும். அஞ்சு பேரையும் நான் தூக்கியிருக்கேன். என்னிக்குப் போட்ட?"

"வியாழக்கிழமை," என்றான் ஜெம், யாருக்கும் கேட்காத குரலில்.

"கேக்கல."

ஜெம் பெவிலியன் பக்கம் ஒரு முறை பார்த்தான். அங்கே லோரிமர் உறுப்பினர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெம்மின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வியாழக்கிழமை!" என்று கத்தினான். "ஃபைனலுக்கு முந்தின வியாழக்கிழமை! நான்தான் கட்டினேன், நான்தான் தெச்சேன்! பதினஞ்சு நாளாப் பிஞ்ச காலு அது! லோரிமருக்குத் தெரியும், டிபட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! ஓடச் சொன்னது அவரு! நடு ஆட்டத்துல எடம் மாத்தக் கேட்டோம், வேணாம்னு சொன்னதும் அவருதான்! போதுமாடா? போதுமா?"

பை கீழே விழுந்தது. பாட்டில் உடைந்து தைல வாடை கிளம்பியது.

"போதாது," என்றான் பார்னி. "ஆறு மாசம் கழிச்சுச் சொல்ற."

அவன் மறுபடி நடந்தான். ஜெம் கையை நீட்டினான். பார்னி அதைப் பிடிக்கவில்லை.

அவனைவிடச் செய்தி வேகமாக நடந்தது. வேலி நெடுக வாய்க்கு வாய் அவனுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு பத்து கஜத்துக்கும் அவன் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருந்தவர்கள் கேட்டுவிட்டிருந்தார்கள். முதலில் தலைகள் குனிந்தன. அப்புறம் தொப்பிகள் இறங்கின. டேனரி ஆட்கள் நின்ற இடத்தில் ஒருவன் தன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான். காசு வைத்த கை எது என்று பார்னிக்கு அப்போது தெரிந்தது. மிசஸ் டன்ஃபி வேலி மேல் சாய்ந்து, "பார்னி, கண்ணு, பார்னி," என்று கையை நீட்டினாள். அவளையும் தாண்டிப் போனான். அவர்கள் மன்னிப்புக் கேட்பது, அவர்கள் திட்டியதைவிட அதிகமாக அவனை எரித்தது. பதினொரு சீசன் அவர்கள் கண் முன்னால் நின்றவன். அவனை நம்ப அவர்களுக்கு ஜெம் பாஸ்க் கத்த வேண்டியிருந்தது.

பெவிலியன் முன்னால் வந்தபோது கூச்சல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "லோரிமர்! எறங்கி வாய்யா லோரிமர்! நீ ஓடிக் காட்டு ஒரு சுத்து!" ஆரஞ்சுத் தோல்கள் இப்போது அங்கே விழுந்தன. டிபட்டைக் காணோம். லோரிமர் படியிறங்கி, வெள்ளைக் கைப்பிடி வேலி வரைக்கும் வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"கீயோ," என்றார். "மிஸ்டர் கீயோ. இங்க வேணாம். உள்ள வாங்க, உக்காந்து பேசலாம். கமிட்டியைத் திரும்பக் கூட்டறேன். தடையை எடுத்துரலாம், எழுதிக்கூடக் குடுத்துடறேன். நாற்காலி போடச் சொல்றேன்."

பார்னி அவரைப் பார்த்தான். கால் நடுங்கிக்கொண்டிருந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். பிடித்துக்கொள்ளவில்லை.

"இன்னும் சுத்து முடியல, சார்," என்றான்.

கால் பங்கு மைதானம் மிச்சம் இருந்தது. வலது காலை இழுத்துக்கொண்டு, அந்த ஆளின் கண் முன்னாலேயே, எவ்வளவு கோணலாக முடியுமோ அவ்வளவு கோணலாக அவன் நடந்து போனான்.